கதவின் எடை

வாத்தியார் பிள்ளை மக்கு என்று முதலில் சொன்னவர் யாரோ தெரியாது. சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். அதைச் சுமந்துகொண்டு திரிவது வாத்தியார் வீட்டுப் பிள்ளைகள்தான். அந்தத் திங்கட்கிழமை காலை, பொறியியல் கல்லூரியின் அறிவிப்புப் பலகையில் முதலாம் ஆண்டு அரையாண்டு முடிவை ஒட்டியபோது கூட்டத்தின் பின்னாலிருந்து யாரோ ஒருவன் அதைத்தான் சொன்னான். மெதுவாகத்தான் சொன்னான். கேட்க வேண்டிய இரண்டு பேருக்கும் கேட்டுவிட்டது.

ஒருத்தி, மெக்கானிக்ஸ் தாளில் முப்பத்தைந்து வாங்கியிருந்த பெண். நாற்பது வாங்கினால்தான் தேர்ச்சி. இன்னொருவர், அந்தப் பாடத்தை நடத்தி, கேள்வித்தாளையும் தயாரித்த அவளுடைய அப்பா. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அவள் வகுப்புக்குப் போனாள். அவர் தன் அறைக்குப் போய் ஈரக் குடையை விரித்து மூலையில் வைத்தார்.

தோற்றால் இன்னொரு முறை எழுதினால் போச்சு என்று சொல்லலாம். அந்தக் கல்லூரியில் அப்படி இல்லை. முதல் பாதியில் கம்பி, உத்தரம், தொட்டி. இரண்டாம் பாதியில் குழாயும் ஓடுகிற தண்ணீரும். முதல் பாதியில் தேறாதவர் இரண்டாம் பாதிக்குள் நுழைய முடியாது. அடுத்த வருஷம் வருகிற புதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாம் பாதிக்கான பட்டியல் வெள்ளிக்கிழமை மாலை மூடப்படும்.

அவரைக் கல்லூரியில் அம்பு சார் என்றார்கள். இருபத்திரண்டு வருஷமாக முதலாமாண்டுக்கு மெக்கானிக்ஸ் சொல்லிக்கொடுக்கிறார். முதல் நாள் வகுப்பில் மேசைமேல் ஒரு புத்தகத்தை வைத்து, "இதை யாரு தாங்குறா?" என்று கேட்பார். மேசை என்பார்கள் சிலர். பூமி என்பார்கள் கெட்டிக்காரர்கள். "ரெண்டு பேரும் சரி. ஆனா இப்ப என் கண்ணுக்கு மேசையும் தெரியக்கூடாது, பூமியும் தெரியக்கூடாது. புத்தகம் மட்டும்தான் தெரியணும்" என்று சொல்லி, பலகையில் அந்தரத்தில் ஒரு புத்தகத்தை வரைவார். பிறகு மேசை கொடுக்கிற தள்ளலுக்கு மேல்நோக்கி ஓர் அம்பு, பூமியின் இழுப்புக்குக் கீழ்நோக்கி ஓர் அம்பு. அவர் பாடம் முழுக்க அவ்வளவுதான். "வெட்டு. தனியா எடு. அம்பு போடு." தொங்குகிற விளக்கானாலும் சரி, அணைக்கட்டின் மதகானாலும் சரி, வெட்டித் தனியாக எடுத்து அதைத் தொடுகிற ஒவ்வொன்றுக்கும் ஓர் அம்பு போட்டுவிட்டால் மீதிக் கணக்கு பள்ளிக்கூடத்துக் கூட்டல் கழித்தல். ஓர் அம்பை மறந்தால் பாலம் விழும் என்பார். பிள்ளைகள் விடுதியில் சட்டையை உலர்த்தும்போதுகூட, "வெட்டு, தனியா எடு" என்று அவர் குரலில் சொல்லிச் சிரிப்பார்கள். அது அவருக்குத் தெரியும், கொஞ்சம் பிடிக்கவும் செய்யும்.

மகள் இந்த வருஷம் அதே கல்லூரியில் சேர்ந்தபோது அவர் ஒரு சட்டம் போட்டார். "வாசப்படிக்கு வெளிய நான் சார். உள்ள நான் அப்பா. அப்பாவ க்ளாஸுக்குக் கூட்டிட்டு வராத, சாரை வீட்டுக்குக் கூட்டிட்டு வராத." கல்லூரியில் அந்தப் பாடத்துக்கு வேறு ஆசிரியர் இல்லை. அவள் தலையாட்டினாள். அப்பா பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

சட்டத்தை இரண்டு பேரும் ஒழுங்காகக் காப்பாற்றினார்கள். அவர் ஒருபடி அதிகமாகவே காப்பாற்றினார். வகுப்பில் எல்லோரையும் கேள்வி கேட்பார்; அவளைக் கேட்க மாட்டார். எல்லோருடைய நோட்டையும் எட்டிப் பார்ப்பார். மூன்றாவது வரிசை ஜன்னலோர பெஞ்சு வந்தால் பார்வை தாண்டிப் போய்விடும். இதைப் பிள்ளைகள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு, தூங்க நினைக்கிறவர்களெல்லாம் அவள் பெஞ்சைத் தேடி வந்து உட்கார்ந்தார்கள். அவ்வளவு பாதுகாப்பான இடம் அந்தக் கல்லூரியிலேயே கிடையாது.

வீட்டில் திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் மழைச்சத்தம் மட்டும்தான். முன்னறையில் அவர் மனைவியின் தையல் மிஷின் இருந்தது. தெருவில் அவள் டெய்லரம்மா. பள்ளிச் சீருடை நூற்றுச் சொச்சம் ஒரே நேரத்தில் வந்திருந்தது. சட்டைக் கைகள் ஒரு மூட்டை, காலர்கள் ஒரு மூட்டை என்று தரை தெரியாமல் கிடந்தது. மகள் வந்தாள், சாப்பிட்டாள், மாடி அறைக்குப் போனாள். அவர் வந்தார், சாப்பிட்டார், பேப்பரைப் பிரித்தார். சோறும் முட்டையும் தட்டில் வந்தன. அவற்றோடு எப்போதும் வருகிற பேச்சு வரவில்லை. டெய்லரம்மா மிஷினை மிதித்த மிதியில் ஊசி இரண்டு முறை உடைந்தது.

அவருக்கு வருத்தம் இல்லாமலில்லை. முப்பத்தைந்து என்ற எண் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. ஆனால் அந்த வருத்தத்துக்கு அடியில், வெளியே சொல்ல முடியாத ஒரு சின்னப் பெருமையும் இருந்தது. சொந்த மகளே என்றாலும் தோற்றால் தோற்றதுதான் என்று நாலு பேர் பேசுவார்கள் அல்லவா. இப்படி ஒரு பெருமை தனக்குள் இருப்பதை அவரே அரைகுறையாகத்தான் அறிந்திருந்தார்.

புதன்கிழமை காலை மகள் கிளம்பிப் போன பிறகு டெய்லரம்மா வாயைத் திறந்தாள். தரையில் துணியை விரித்து, சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டே, நிமிராமல் கேட்டாள்.

"ஏங்க, எட்டாவது கேள்வின்னு ஒண்ணு இருந்துச்சாமே. தண்ணித் தொட்டி, கதவு, என்னமோ."

"வீட்டுல பரீட்சையப் பத்திப் பேசறதில்லன்னு..."

"உங்க சட்டத்த மடிச்சு பீரோவுல வைங்க. நான் ஒண்ணும் உங்க ஸ்டூடண்ட் இல்ல."

அவர் டீயைக் கீழே வைத்தார்.

"பரீட்சை அன்னைக்கு ஹாலுக்கு வந்தீங்களாமே. படத்துல சந்தேகம் இருந்தா கேளுங்கன்னு சொன்னீங்களாம்."

"எப்பவும் போவேன். கேள்வி எடுத்தவன் போகணும். அது வழக்கம்தான்."

"எத்தன பேருகிட்ட நின்னீங்க?"

"யார் கை தூக்கினாலும் நிப்பேன்."

டெய்லரம்மா கத்தரிக்கோலை எடுத்தாள். கோட்டின்மேல் ஒரு சாண் வெட்டினாள். "அவ கை தூக்கினாளாம். நீங்க நிக்கலயாம்."

நான் பார்க்கவில்லையே என்று சொல்ல வாயெடுத்தார். பொய் வரவில்லை. பார்த்திருந்தார். மூன்றாவது வரிசையில் நீல நிறச் சட்டைக் கை உயர்ந்ததும், அதை இதே அறையில் இதே மிஷினில் தைத்ததும் அவருக்குத் தெரியும். அந்த இடத்தில் குனிந்து ஒரு வார்த்தை பேசினால், அப்பன் மகளுக்கு விடை சொல்லிக்கொடுத்தான் என்று ஹால் முழுக்கப் பேசும். அதனால் அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார். அடுத்த பெஞ்சுக்காரனுக்குக் கூடுதல் தாள் வேண்டியிருந்தது. அதற்கு நின்றார்.

"என்ன கேக்க நெனச்சாளாம்?"

"அத என்கிட்டயா கேக்குறீங்க? கீல் கீழ இருந்துச்சு, கீல் கீழ இருந்துச்சுன்னு ரெண்டு தடவ சொன்னா. எனக்கு என்ன புரியும்? நேத்து ராத்திரி அவ தலையைத் தடவிட்டு ஒக்காந்திருந்தேன், அவ்வளவுதான். எட்டாவது கேள்வியிலயே அரை மணி நேரம் போயிடுச்சாம். கடைசி ரெண்டு கேள்வியத் தொடவே இல்லயாம்." கத்தரிக்கோல் துணியின் மறுமுனைக்கு வந்துவிட்டது. "அத உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. நான் சொல்லிட்டேன். சத்தியத்த மீறின பாவம் எனக்கு வரட்டும்."

அவர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கிளம்பினார்.

கல்லூரியில் தன் அறை அலமாரியிலிருந்து கேள்வித்தாளை எடுத்து எட்டாம் கேள்வியைப் பார்த்தார். தொட்டியின் ஒரு பக்கம் நிமிர்ந்து நிற்கிற கதவு. மூன்று மீட்டர் உயரம், இரண்டு மீட்டர் அகலம். கதவின் மேல்விளிம்புவரை தண்ணீர். அடிவிளிம்பில் கீல். தண்ணீர் தள்ளுகிற கதவைத் திறந்துவிடாமல் மேல்விளிம்பில் எவ்வளவு விசையால் பிடிக்க வேண்டும்? பிறகு விடைக்குறிப்பை எடுத்தார். அவர் கையெழுத்துத்தான். ஐம்பத்தெட்டு புள்ளி ஒன்பது கிலோநியூட்டன்.

பார்த்த மாத்திரத்தில் காது இரண்டும் சூடாகிவிட்டது.

இந்தக் கேள்வி பதினோரு வருஷத்துப் பழையது. பழைய கேள்வியில் கீல் மேலே இருக்கும். கதவைக் கீழே பிடிக்க வேண்டும். தண்ணீர் ஆழத்தில்தான் அதிகமாகத் தள்ளும். ஆகவே கீழே பிடிக்கிறவன் பாடு திண்டாட்டம், ஐம்பத்தெட்டு புள்ளி ஒன்பது வேண்டும். கீலைக் கீழே கொண்டுவந்துவிட்டால், தண்ணீரின் பலம் முழுக்கக் கீலுக்குப் பக்கத்திலேயே செலவாகிவிடும். மேலே பிடிக்கிறவனுக்குச் சரிபாதி போதும். இருபத்தொன்பது புள்ளி நாலு. பழைய விடை ஜெராக்ஸ் கடையில் தொகுப்பாகக் கிடைக்கிறது. பாதிப் பிள்ளைகள் படத்தைப் பார்க்காமலே எண்ணை ஒப்பிப்பார்கள். அந்த மனப்பாடப் புலிகளுக்குப் பொறி வைக்கத்தான் இந்த வருஷம் படத்தைத் தலைகீழாக்கினார். வரைந்து முடித்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டதும் நினைவிருந்தது. அன்று மாலையே தேர்வுப் பிரிவிலிருந்து விடைக்குறிப்பு கேட்டு ஆள் வந்தது. கோப்பைத் திறந்தார், பழைய பக்கத்தை உருவிக் கொடுத்தார். மகள் எழுதுவதால் இந்த வருஷம் அவர் தாள் திருத்தவில்லை; அந்தக் குறிப்பை வைத்து வேறு ஆட்கள்தான் திருத்தினார்கள்.

படத்தைப் பார், படத்தைப் பார் என்று இருபத்திரண்டு வருஷம் கத்தியவர் படத்தைப் பார்க்கவில்லை. மனப்பாடம் செய்த புலிகள் முழு மதிப்பெண் வாங்கிக்கொண்டு போய்விட்டன. பார்த்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அவருடைய மகள் பார்த்திருக்கிறாள். பழைய விடையும் அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் அவர் சாப்பாட்டு மேசையில் விடைத்தாள் திருத்தும்போது காதால் கேட்டே வளர்ந்தவள். கீல் கீழே இருக்கிறதே, அப்பா தவறி வரைந்துவிட்டாரா, வேண்டுமென்றே வரைந்தாரா என்று கேட்கக் கை தூக்கியிருக்கிறாள். அவர் நிற்காததால் அரை மணி நேரம் தானே மாரடித்து, பார்த்ததையே நம்பி எழுதியிருக்கிறாள். அவர் அறைக்கதவைச் சாத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணில் நீர் வந்தது. துடைத்துக்கொண்டார்.

அப்புறமும் அவருக்கு ஆறவில்லை. நேரே நீரியல் ஆய்வகத்துக்குப் போனார். தகரக் கூரைமேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறவரை எல்லோரும் வால்வு என்றுதான் கூப்பிடுவார்கள். பேச்சைத் திறந்தால் மூடத் தெரியாதவர். கல்லூரிச் சேதி எல்லாம் அவரிடம் முதலில் வந்து தங்கிவிட்டுத்தான் மற்ற இடத்துக்குப் போகும்.

"அந்தச் சின்னத் தொட்டிக் கதவக் கழட்டித் தலைகீழா மாட்டணும். கீல் கீழ வரணும்," என்றார் அம்பு சார்.

வால்வு அவர் முகத்தைப் பார்த்தார். திருப்புளியை எடுத்தார். "எட்டாவது கேள்வியா சார்?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நாலஞ்சு பசங்க திங்கக்கிழமையே வந்து முனகுனாங்க. சார்கிட்டப் போய்ச் சொல்லுங்கடான்னேன். யாரு போவா? சார் கணக்கு தப்பா இருக்காதுன்னு அவங்களே சொல்லிட்டுப் போயிட்டாங்க." திருகாணியைச் சுழற்றிக்கொண்டே கேட்டார்: "காகிதத்துல போட்டாத் தெரிஞ்சிடுமே. தொட்டி எதுக்கு?"

"காகிதத்துல நான்தானே போடுவேன். தண்ணி சொல்லட்டும்."

ரப்பர் பட்டையைத் திருப்பி ஒட்ட அரை மணி ஆனது. பத்து சென்டிமீட்டர் அகலக் கதவு. முப்பது சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் விட்டார்கள். ஓரத்தில் கசிந்தது, வால்வு துணியை வைத்து அழுத்தினார். மேல்விளிம்பில் சுருள்வில் தராசை மாட்டி இழுத்துப் பிடித்தார் அம்பு சார். பழைய முறையில் கதவு நின்றிருந்தால் மூன்று கிலோ காட்ட வேண்டும். மெதுவாகத் தளர்த்தினார். கதவு அசைய ஆரம்பித்த இடத்தில் முள் ஒன்றரைக்கு ஒரு நூல் கீழே நின்றது. மூன்று முறை செய்தார். மூன்று முறையும் அங்கேயேதான் நின்றது.

"ஒன்றரை," என்றார் வால்வு. "தண்ணிக்கு யாரு வாத்தியாரு, யாரு வாத்தியார் பொண்ணுன்னு தெரியாது சார். அது பாட்டுக்குத் தள்ளுது."

"ஆமா."

"என்ன பண்ணப் போறீங்க? இத இப்ப மாத்துனா, மகள பாஸ் போட சார் விடையவே மாத்திட்டாருன்னு சொல்லுவாங்க. நான் சொல்ல மாட்டேன். ஆனா சொல்லுவாங்க."

அம்பு சார் தராசைக் கழற்றித் துடைத்து அதன் பெட்டியில் வைத்தார்.

துறைத்தலைவி நல்ல மனுஷி. அடுத்த வருஷம் ஓய்வு பெறப் போகிறவர், வம்பு என்றால் ஒதுங்கிப் போகத் தெரிந்தவர். கேள்வித்தாளையும் விடைக்குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"யானைக்கும் அடி சறுக்கும் சார். விடுங்க. எத்தன பேரு சரியா எழுதியிருப்பாங்க?"

விடைத்தாள் கட்டுகள் துறைத்தலைவியின் பீரோவில்தான் இருந்தன. நூற்று நாற்பது. மதியம் முழுக்க அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். அம்பு சார் மேசைக்கு இந்தப் பக்கம், ஒரு தாளையும் தொடாமல், கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருபத்து மூன்று பேர் இருபத்தொன்பது புள்ளி நாலு எழுதியிருந்தார்கள். விசையைக் கண்டுபிடித்ததற்கு மட்டும் ஆளுக்கு இரண்டு மதிப்பெண். மீதி எட்டு போயிருந்தது. அந்த எட்டைக் கொடுத்தால் ஒன்பது பேர் தேறுவார்கள்.

"இதுல உங்க பொண்ணு நம்பர் இருக்கா?"

"இருக்கும். அவளுக்கும் எட்டு வந்தா நாப்பத்து மூணு."

துறைத்தலைவி பேனாவால் மேசையைத் தட்டினார். "நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இருபத்து மூணுன்னு எழுதாதீங்க. இருபத்திரண்டுன்னு எழுதுங்க. உங்க பொண்ணு நம்பர விட்டுடுங்க. தேர்வுக் குழு ஒரு கேள்வி கேக்காது, நாளைக்கே கையெழுத்துப் போட்டுடுவாங்க. எட்டுப் பிள்ளைங்க பொழச்சுக்கும். உங்க பேரும் கெடாது. அவ கெட்டிக்காரி. அடுத்த வருஷம் எழுதித் தொண்ணூறு வாங்கிடுவா."

அவர் சரி என்று சொல்லவில்லை. ஆனால் எழுந்து வரும்போது மனம் ஏறக்குறைய சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. வழியெல்லாம் யோசித்தார். யோசிக்க யோசிக்க அது நல்ல வழியாகவே பட்டது. சொந்த மகளை விட்டுக்கொடுத்துப் பிறத்தியார் பிள்ளைகளைக் காப்பாற்றிய வாத்தியார். காலையில் சுட்ட காதில் இப்போது கொஞ்சம் குளிர்ந்த காற்று பட்ட மாதிரி இருந்தது.

மாலை வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிட்டார். டெய்லரம்மா பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். மகள் தரையில் உட்கார்ந்து தைத்த சட்டைகளுக்கு நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். தன்னுடைய பிழை, தராசு, இருபத்து மூன்று, இருபத்திரண்டு. கடைசியில், "நாம கொஞ்சம் தியாகம் பண்ணினா எட்டுப் பிள்ளைங்களுக்கு நல்லது," என்று முடித்தார்.

டெய்லரம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"தியாகம் பண்றது நீங்களா, அவளா?"

"நம்ம குடும்பம்னு சொல்றேன்."

"பேரு உங்களுக்கு. வருஷம் போறது அவளுக்கு. நான் அளவு தப்பா வெட்டிட்டா, வேற துணி எடுத்து என் கையால தச்சுக் குடுப்பேன். சட்டை போட வந்த பிள்ளைகிட்ட, நீ இந்த வருஷம் சட்டை இல்லாம இரு, எனக்கு நல்ல பேரு வரும்னு சொல்ல மாட்டேன்."

"நீ புரியாமப் பேசற."

"கீலு எனக்குப் புரியாது. இது நல்லாப் புரியும்."

"நான் அடுத்த வருஷமே எழுதிக்கிறேம்ப்பா," என்றாள் மகள். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரை என்னவோ செய்தது. கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பார்.

அவர் துணி மூட்டையை நகர்த்திவிட்டு அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். "ரிசல்ட் வந்த அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா. கீல் கீழ இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை."

"எங்க வச்சுச் சொல்றது?" என்றாள் அவள். ஒரு காலரைத் திருப்பிப் பார்த்தாள். "வீட்டுல சொன்னா, சாரை வீட்டுக்குக் கூட்டிட்டு வராதன்னு சொல்வீங்க. காலேஜ்ல சொல்லத்தான் கை தூக்கினேன்."

வீட்டில் சார் இல்லை, வகுப்பில் அப்பா இல்லை என்று அவர் பிரித்து வைத்ததில், அவளுக்கு இரண்டு இடத்திலும் ஆளில்லாமல் போய்விட்டது. எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைத்த ஒரு வாத்தியார் தன் பிள்ளைக்கு மட்டும் கிடைக்கவில்லை. நேர்மை நேர்மை என்று அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டதெல்லாம், வசதியில்லாத ஓர் அம்பைப் படத்தில் போடாமல் விட்டதுதான். வேறு யாராவது அப்படி ஒரு படம் போட்டுக் காட்டியிருந்தால் பூஜ்யம் போட்டிருப்பார்.

"என்ன மன்னிச்சிடு கண்ணு," என்றார். மகளிடம் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். டெய்லரம்மா எழுந்து, டீ போடுகிறேன் என்று அடுப்படிக்குப் போனாள்.

தேர்வுக் குழுவுக்கான கடிதத்தை அங்கேயே, தையல் மேசையில் சுண்ணக்கட்டியையும் ஊசிப்பெட்டியையும் ஒதுக்கிவிட்டு எழுதினார். எட்டாம் கேள்வியின் விடைக்குறிப்பு தவறு. தவறு என்னுடையது. படத்தைப் பார்த்துச் சரியாக எழுதியவர்கள் இருபத்து மூன்று பேர். அவர்களில் ஒருவர் என் மகள். ஆகவே மறுமதிப்பீட்டில் நான் எந்தத் தாளையும் தொடக்கூடாது. வெளியிலிருந்து ஒருவரை அழைக்க வேண்டும். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். இன்னும் மூன்று வரி சேர்த்தார். தேர்வறையில் ஒரு மாணவி இந்தப் படத்தைப் பற்றிக் கேட்கக் கை தூக்கினார். அவர் என் மகள் என்பதால் நான் நிற்கவில்லை. நின்றிருந்தால் பிழை அன்றே தெரிந்திருக்கும்.

டெய்லரம்மா டீயோடு வந்து, அவர் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். "கடைசி மூணு வரி வேணுமா? அது உங்களுக்குத்தான் கெடுதல்."

"வேணும்."

அவள் டம்ளரைக் கடிதத்தில் படாதபடி தள்ளி வைத்தாள்.

வியாழக்கிழமை குழு கூடியது. கடிதத்தை உரக்கப் படித்தார்களாம். வெளிக்கல்லூரியிலிருந்து ஒருவர் வெள்ளி காலை வந்து இருபத்து மூன்று தாளையும் பார்த்தார். எட்டு எட்டாகச் சேர்ந்தது. ஒன்பது பேர் தேறினார்கள். பழைய விடையை ஒப்பித்தவர்களுக்குக் குறைக்க வேண்டும் என்று அம்பு சார் வாதாடிப் பார்த்தார். கொடுத்த மதிப்பெண்ணைப் பிடுங்குகிற வழக்கம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதில் அவருக்குக் கடைசிவரை மனக்குறைதான். இரண்டு வருஷத்துக்கு அவர் கேள்வித்தாள் எடுக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கரும்புள்ளி. துறைத்தலைவி தீர்மானத்தின் நகலைக் கொடுக்கும்போது, "நான் சொன்னதக் கேட்டிருந்தா இது வந்திருக்காது," என்றார். "வந்திருக்காதுதான் மேடம்," என்று வாங்கிக்கொண்டார். மாலை மூடிய பட்டியலில் மகளின் எண் இருந்தது.

அவள் அந்தப் பட்டியலைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கேண்டீனில் அவள் முதுகுக்குப் பின்னால் என்ன பேசினார்கள் என்று அவள் வீட்டில் சொல்லவில்லை. வால்வுக்குத் தெரியும். அவரும், முதல் தடவையாக, ஒன்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை இரண்டாம் பாதியின் முதல் வகுப்பு. மழை விட்டிருந்தது. அவர் உள்ளே நுழைந்தபோது வகுப்பு வழக்கத்தைவிட அமைதியாக இருந்தது. பலகையில் பெரிய எழுத்தில் யாரோ எழுதி வைத்திருந்தார்கள்: கீல் மேலயா, கீழயா? பொண்ணக் கேளுங்க சார்.

வகுப்பிலிருந்த முகங்களில் பாதி அவரையும், மீதி ஜன்னலோர மூன்றாவது பெஞ்சையும் பார்த்தன. அவளுக்குக் காது சிவந்திருந்தது. அந்த விஷயத்தில் அப்பாவைக் கொண்டிருந்தாள். அவர் புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டு, எழுதியிருந்ததை ஒரு தடவை வாய்விட்டுப் படித்தார். அழிப்பானை எடுக்கவில்லை.

"நல்ல யோசனைதான்," என்றார். "பரீட்சை அன்னைக்கே கேட்டிருக்கணும். நான் கேக்கல."

யாரும் சிரிக்கவில்லை. அவர் அந்த எழுத்துக்குக் கீழேயே தொட்டியை வரைந்தார். கதவை வெட்டித் தனியாக எடுத்து வரைந்தார். அடியில் கீல். தண்ணீரின் தள்ளலுக்குக் கீழ்ப்பக்கமாக ஒரு பெரிய அம்பு. மேல்விளிம்பைப் பிடிக்கிற விசைக்கு ஒரு சின்ன அம்பு. கீல் கொடுக்கிற எதிர்ப்புக்கு ஒன்று. இருபத்திரண்டு வருஷமாகப் போடுகிற அதே மூன்று அம்பு. சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பினார்.

"யாருக்காவது சந்தேகம் இருக்கா?"

மூன்றாவது வரிசையில் ஒரு கை எழுந்தது. முழுதாக எழவில்லை, தோள்வரைதான். அவள் பெஞ்சில் தூங்க வசதியாக வந்து உட்கார்ந்திருந்த இரண்டு பேர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள்.

அவர் மேடையிலிருந்து இறங்கினார். முதல் வரிசையைத் தாண்டினார், இரண்டாவதைத் தாண்டினார். அவள் பெஞ்சுக்கு அருகில் வந்து நின்றார்.

"சொல்லுங்க," என்றார், எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்கிற மாதிரி.

அவள் எழுந்து நின்றாள். "சார், கதவோட எடை படத்துல இல்லயே."

அவர் பலகையைத் திரும்பிப் பார்த்தார். இல்லைதான். இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை.

"கதவு நேரா நிக்குது," என்றார் மெதுவாக. "எடை கீல் வழியாவே கீழ எறங்குது. அது கதவத் திருப்பாது. நாம கண்டுபிடிக்கிற கணக்குல அது எங்கயும் வராது. அதனால நான் போட்டதே இல்ல."

"ஆனா இருக்குல்ல சார்?"

"இருக்கு." பலகையைக் காட்டினார். "கீல்தான் அதத் தாங்கிட்டு இருக்கு."

மேடைக்குத் திரும்பிப் போய், கதவின் நடுவிலிருந்து கீழ்நோக்கி ஓர் அம்பு போட்டார். கீலிலிருந்து மேல்நோக்கி, அதே நீளத்துக்கு, இன்னோர் அம்பு போட்டார். "இது இல்லாம படம் முழுசாகாது. எல்லாரும் போட்டுக்கங்க," என்றார்.

பேனாக்கள் நகர்ந்தன. தூங்க வந்த இரண்டு பேரும் நோட்டைத் திறந்தார்கள்.